காட்டு வீட்டில் போர் போட்ட நாள்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிட்டது.

அடுப்படி ஜன்னலோரம் இருந்த டம்ளர்கள் லேசாக நடுங்கின. பாப்பா கையிலிருந்த முட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"வந்துட்டாங்க! என்னங்க, வந்துட்டாங்க!"

பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஐந்து பேரில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வந்துவிட்டது. கணவர் கூப்பிடுவதும் பாப்பாதான். பெற்ற மகளே கோபம் வந்தால் "பாப்பா, நீ சும்மா இரு" என்பாள்.

இந்தக் குடும்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், காட்டுக்குக் குடிவந்தது பாப்பாவின் யோசனை அல்ல. அது அவள் கணவருடையது. நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இங்கே வந்த பிறகும் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர், லிஃப்ட் என்ற ஒன்றையே பார்க்காத இடத்தில்.

அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, புதர்க்காடும் பாறையும் தகரக்கூரை வீடுமாக ஒரு நிலத்தைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அடுத்த மாதமே வேலையை விட்டார். பிரிவுபசாரத்தில் மைக்கைப் பிடித்து, "இனிமே மேலயும் கீழயும் போற பொழப்பு கிடையாது. ஒரே இடத்துல நிம்மதியா இருக்கப் போறேன்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

பாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்தக் கோடைக்குள்ள நம்ம நிலத்துல சொந்தமா தண்ணி வரணும். வரலைன்னா மறுபேச்சு இல்லாம பெட்டியைக் கட்டிடணும்."

சரி என்று தலையாட்டித்தான் அவளை அழைத்து வந்தார்.

கூரையிலிருந்து மழைநீர் விழுந்து நிரம்பும் தொட்டி எப்போதோ காய்ந்துவிட்டது. டவுனிலிருந்து வாரம் ஒரு முறை வரும் டேங்கர் தண்ணீரில்தான் குளியல், துவையல், சமையல் எல்லாம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் என்பதால் அவளை நகரத்திலேயே லிஃப்ட்காரரின் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள்.

அந்த அக்காதான் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள், தம்பி மகளைத் தன் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு. "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். சும்மா பார்க்க வருகிறவர்கள் இரண்டு காலி சூட்கேஸ் கொண்டுவருவதில்லை.

வண்டி முன்வாசலைத் தாண்டும்போது மரக்கிளை ஒன்றை முறித்துக்கொண்டே உள்ளே வந்தது. பின்னாலேயே கம்ப்ரஸர் ஏற்றிய இன்னொரு வண்டி. போர்க்காரர் கீழே குதித்தார். தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"எங்கம்மா பாயின்ட்டு?"

நிலத்தடி நீர் பார்க்கும் பெண் ஒருத்தி போன மாதம் கருவியோடு வந்து இரண்டு இடங்களில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்று வீட்டுக்குப் பின்னால். இன்னொன்று கீழே, பாறைச் சரிவில் முள்மரங்கள் நெருக்கமாக நிற்கிற இடத்தில்.

"ரெண்டுல எதுல முதல்ல போடறது?"

பாப்பா கணவரைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு யாருடைய வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் பின்னாலயே போடுங்க. பக்கத்துல இருக்கட்டும்" என்றாள் பாப்பாவே.

கம்ப்ரஸர் முழங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரோடும் சாதாரணமாகப் பேச முடியவில்லை. வெள்ளைப் புழுதி குபுகுபுவென்று எழும்பி வீட்டை மூடியது. கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு பாப்பா உள்ளே ஓடினாள். அக்கா அதற்குள் சோற்றுப் பானை, பால் பாத்திரம் எல்லாவற்றின் மேலும் பழைய போர்வையை விரித்திருந்தாள்.

"நேத்து ராத்திரி கூரை மேல ஏதோ ஓடுச்சு" என்றாள் அக்கா, சத்தத்துக்கு மேல் சத்தமாக.

"அது தினமும் ஓடும் அண்ணி."

"தினமும் ஓடுமா? என்னதுன்னு பாக்கலையா?"

"பாத்தா அதுக்கும் பயம், நமக்கும் பயம். ஓடிட்டுப் போகட்டும்."

அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறி நிற்கிற பாப்பாவை அவளுக்குத் தெரியும். இவள் யாரோ.

"இந்தா பாரு, உள்ளதைச் சொல்றேன். உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். மாடி காலியாத்தான் கெடக்கு. உன் பொண்ணு வாய்விட்டுக் கேக்க மாட்டா. ஆனா பஸ் சத்தம் கேட்டா ஜன்னல்கிட்ட போயி நிக்கறா. இன்னைக்கு இது பொய்யாப் போச்சுன்னா மூட்டையைக் கட்டு. என் தம்பியை நான் பாத்துக்கறேன். அவன் முறைப்பான், ரெண்டு நாள் சாப்பிட மாட்டான், அப்புறம் சரியாயிடுவான்."

மகள் ஜன்னலோரம் நிற்கிற படம் பாப்பாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவள் தட்டில் இருந்த முட்டையை எடுத்து, உடைக்காமல், மறுபடி கீழே வைத்தாள்.

"என்னடி, தண்ணி வராம இருக்கணும்னு வேண்டிக்கிறியா?"

"இல்ல அண்ணி." பாப்பாவின் குரல் இறங்கியது. "வரணும்னு வேண்டிக்கறேன்."

அக்காவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம். கிட்டே வந்தாள்.

"என்ன சொன்னே?"

"எனக்கு இங்க இருக்கணும்."

பாப்பா பதினாறு வருடம் கேஸ் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கிற வேலை பார்த்தவள். சிலிண்டர் வரவில்லை, அடுப்பு எரியவில்லை, ஆள் மரியாதையாகப் பேசவில்லை என்று முகம் தெரியாத ஊரெல்லாம் அவள் காதில்தான் வந்து கத்தும். வீட்டுக்கு வந்தால் தலைவலி. தூக்கத்தில்கூட "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்வாள்.

"இங்க வந்த புதுசுல அழுதேன் அண்ணி, இல்லேங்கலை. அவரைத் திட்டாத நாள் கிடையாது. அப்புறம் ஒருநாள் காலையில எழுந்தேன். தலை வலிக்கலை. என்னமோ தொலைஞ்சு போன மாதிரி இருந்துச்சு. என்னன்னு யோசிச்சா, காதுக்குள்ள யாரும் கத்தலை. அவ்வளவுதான்."

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

பாப்பா உதட்டைக் கடித்தாள். "எப்படிச் சொல்றது? அவ்வளவு திட்டிட்டு, இப்ப போயி எனக்குப் புடிச்சிருக்குன்னா மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? தண்ணி வந்துட்டா, சரி போகட்டும், சொன்ன சொல்லுக்காக இருக்கேன்னு கெத்தா இருந்துடலாம்னு பாத்தேன்."

அக்கா வாயைத் திறந்தாள். அப்போது பார்த்துக் கம்ப்ரஸர் நின்றது. இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

போர்க்காரர் கதவோரம் வந்தார். தலை முதல் கால் வரை மாவில் புரட்டியெடுத்த மாதிரி இருந்தார்.

"அம்மா, பேசின ஆழம் போயாச்சு. வெறும் கல்லுப் பொடிதான். இனிமே இங்க போறது வீண். நிறுத்திக்கறதா, கீழ ரெண்டாவது பாயின்ட்ல போடறதான்னு சார்தான் சொல்லணும். சாரைக் காணோமே?"

லிஃப்ட்காரர் எங்கே போவார் என்று பாப்பாவுக்குத் தெரியும். தினமும் ஒரு தடவையாவது "வேலியைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாறைப் பக்கம் கிளம்பிவிடுவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மேடு ஏறினாள்.

மேட்டுப்பாறையில் நின்றால்தான் இந்தப் பக்கத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அதுவும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். லிஃப்ட்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, கையை உயரத் தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

"புது ஆஸ்பத்திரிக் கட்டடங்க. உங்களை விட்டா எனக்கு நம்பிக் கொடுக்க ஆள் இல்லை" என்றது போனிலிருந்து ஒரு குரல். பழைய மேலாளருடையது. "திங்கக்கிழமை வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன் சார். இங்க இன்னையோட முடிஞ்சிடும். தண்ணி வராது. காலையிலேர்ந்து பொடிதான் பறக்குது."

குரலை வைத்தே ஆளை எடை போட்டுப் பழகியவள் பாப்பா. அந்தக் குரலில் வருத்தம் ஒரு துளிகூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள் என்று சொல்கிற பையனின் குரல் அது.

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப வேலி?" என்றாள் பாப்பா.

"வேலிக்கென்ன. அது நல்லாத்தான் இருக்கு."

"எத்தனை நாளா இது நடக்குது?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார்.

"பாப்பா, எனக்கு இங்க முடியலை."

இதைச் சொல்ல அவர் எவ்வளவு நாளாக மென்று விழுங்கியிருக்கிறார் என்பது அந்த ஒரு வரி வெளியே வந்த விதத்திலேயே தெரிந்தது.

"அங்க லிஃப்ட் நின்னா என்னைத்தான் தேடுவாங்க. ஒரு தடவை பாட்டு டீச்சர் ஒருத்தங்க ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. பயத்துல மூச்சு வாங்குது. மேல் மாடியில குப்புறப் படுத்து, இடுக்கு வழியா அவங்களைப் பேச வெச்சுக்கிட்டே வேலையை முடிச்சேன். கதவு திறந்ததும் அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லை. இங்க என்னை யாரு தேடறா? காலையில எழுந்தா மரம். மத்தியானமும் அதே மரம்."

"நீங்கதானே நிம்மதி வேணும்னீங்க?"

"கேட்டேன். இப்படி இருக்கும்னு தெரியாம கேட்டுட்டேன். அத்தனை பேர் முன்னாடி மைக்ல பேசிட்டு எப்படித் திரும்பிப் போறது? தண்ணி வரலைன்னா உனக்குக் கொடுத்த வாக்குக்காக வந்துட்டேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பாப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. கூடவே, அடுப்படியில் தான் சொன்னதையே வேறு வாயால் கேட்கிற மாதிரியும் இருந்தது.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

"என்னது?"

"இந்த இடம். எனக்கு இங்க இருக்கணும்."

லிஃப்ட்காரர் அவளை உற்றுப் பார்த்தார். அவள் விளையாடவில்லை.

"முதல் நாளே வாசப்படியில உக்காந்து அழுதவ நீ!"

"அழுதேன். அப்ப."

"சொல்ல வேண்டாமா?"

"நீங்க சொன்னீங்களா?"

கீழேயிருந்து போர்க்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

இறங்கி வரும்போது அவர் முன்னால், அவள் பின்னால். வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். இரண்டு முகங்களையும் பார்த்ததுமே, மேலே என்னவோ உடைந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"சார், சொல்லுங்க" என்றார் போர்க்காரர். "சாமானைக் கட்டிடலாமா? பொழுதோட நான் இன்னொரு எடத்துக்குப் போகணும்."

லிஃப்ட்காரர் கீழே பாறைச் சரிவைப் பார்த்தார். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டடம். வாக்குத் தவறவும் இல்லை, மானம் போகவும் இல்லை. பாப்பாவும் தடுக்க முடியாது. நிபந்தனை போட்டதே அவள்தான்.

பாப்பா அவரைப் பார்க்கவில்லை. கையில் ஒட்டியிருந்த புழுதியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கெஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது.

"கீழ ஒரு பாயின்ட் இருக்கில்ல?" என்றார் லிஃப்ட்காரர்.

"இருக்கு சார். ஆனா வண்டி இறங்கணும்னா நாலு மரத்தைக் கழிக்கணும்."

"நான் கழிச்சுத் தரேன். அதுலயும் போடுங்க."

பாப்பா நிமிர்ந்தாள். அவர் அதற்குள் அரிவாளை எடுக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார். அக்கா பின்னாலேயே போனாள்.

"டேய், உனக்கு இங்க இருக்கணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லு."

"எனக்கு வேண்டாம்க்கா."

"அப்புறம் எதுக்குடா மரத்தை வெட்டறே?"

"அவளுக்கு வேணுமாம்." அரிவாளின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். "நான் பேசாம இருந்து ஜெயிச்சேன்னு வை, அப்புறம் அவ மூஞ்சியை எப்படிப் பாக்கறது?"

அக்கா மூலையிலிருந்த இன்னொரு அரிவாளைக் கையில் எடுத்தாள். அது அவள் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

முள்மரங்களைக் கழித்து, வண்டியை அங்குலம் அங்குலமாகச் சரிவில் இறக்கி, மறுபடி கம்ப்ரஸர் முழங்கத் தொடங்கியபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. சோறு ஆறிப்போய்க் கிடந்தது. யாரும் சாப்பிட வரவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள்.

முதலில் செம்மண். பிறகு சாம்பல் நிறத்தில் பொடி. பிறகு காலையில் வந்த அதே வெள்ளைப் பொடி. பாப்பாவின் தோள்கள் தொங்கிவிட்டன. போர்க்காரரின் ஆட்கள் துளையிடும் ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார்கள்.

போர்க்காரர் குனிந்து ஒரு பிடி பொடியை எடுத்தார். விரலுக்கு நடுவில் தேய்த்தார். இன்னொரு முறை தேய்த்தார். அது உதிரவில்லை, உருண்டது.

கையைத் தூக்கி ஏதோ கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குழியிலிருந்து புழுதி வருவது நின்றது. கொழகொழவென்று சேறு பொங்கியது. அடுத்த நிமிடம் பழுப்பு நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மரத்தின் உயரத்துக்கு எழும்பி, நாலா பக்கமும் அடித்தது.

அக்காவின் மேல்தான் முதலில் விழுந்தது. "ஐயையோ, என் நல்ல துணியெல்லாம் போச்சே!" என்று அலறியவள், ஓடாமல் அங்கேயே நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள். பாப்பா சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. தலையிலிருந்து சேறு வழிய, வாய்விட்டுச் சிரித்தாள்.

லிஃப்ட்காரர் நனையாத தூரத்தில் நின்று அவளைப் பார்த்தார். இந்த முகத்தை நகரத்தில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. போய்க் கைகொடுத்து அவளை எழுப்பிவிட்டார்.

"சந்தோஷமா?"

"சந்தோஷம்தான்" என்றாள் பாப்பா. சிரிப்பு மெல்லக் குறைந்தது. "நீங்க?"

"திங்கக்கிழமை போறேன் பாப்பா. வேலையை ஒத்துக்கிட்டேன்."

"நான் வரலை."

"தெரியும்."

"சண்டை போட்டுச் சொல்லலை."

"அதுவும் தெரியும்."

போர் வண்டி போன பிறகு காட்டில் வழக்கமான சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மூவரும் கை கால் கழுவிவிட்டு ஆறின சோற்றைச் சாப்பிட்டார்கள். அக்காதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நான் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். இப்ப ஒருத்தன் வரேங்கறான், ஒருத்தி மாட்டேங்கறா. இது என்ன கணக்குன்னே எனக்குப் புரியலை. சரி, உங்க பொண்ணுக்கு யாரு சொல்லப் போறது? தண்ணி வந்துச்சா வந்துச்சான்னு காத்துக்கிட்டு இருப்பா."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சேர்ந்தே சொல்லிடலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

மேட்டுப்பாறையில் காற்று பலமாக இருந்தது. சூரியன் இன்னும் மறையவில்லை. கீழே தகரக்கூரையும், அதற்கப்பால் சேறாகிக் கிடந்த சரிவும் தெளிவாகத் தெரிந்தன. அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"அப்பா, தண்ணி வரலைதானே?"

ஆசையாகக் கேட்டாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள் என்று அக்கா சொன்ன பெண்.

"வந்துடுச்சும்மா" என்றார் அவர்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று அவர் போனை இன்னும் உயரத் தூக்கினார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் வரலையா?"

"நான் வரேன். திங்கக்கிழமைலேர்ந்து அங்கதான்."

"அம்மா?"

அவர் பதில் தேடுவதற்குள் பாப்பா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு, பாறையின் அந்த ஓரத்தில் இன்னும் உயர்ந்திருந்த முகட்டில் ஏறிக்கொண்டாள். நடுவில் எங்கே தொடர்பு அறுந்துவிடுமோ என்று ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்று பேசினாள். காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாப்பா பேசுகிறாள், நிறுத்துகிறாள், தலையாட்டுகிறாள், கண்ணைத் துடைக்கிறாள், மறுபடி பேசுகிறாள். அதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து போனை நீட்டினாள்.

"என்ன சொல்றா?"

"நாளைக்குக் காலையில பஸ் ஏறி வராளாம். தனியா."

"தனியாவா? எதுக்கு?"

"நாம எடுத்த முடிவெல்லாம் செல்லாதாம். அவளை யாரும் கேக்கலையாம். வந்து எடத்தைப் பாத்துட்டு, நம்ம ரெண்டு பேரையும் பாத்துட்டு, அவ சொல்றாளாம்."

"என்னன்னு?"

"யாரு பக்கம்னு."

லிஃப்ட்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, முடிந்தவரை சாதாரணமான குரலில், "பஸ் ஸ்டாண்டுக்கு நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். நீ எதுக்கு அலையறே?" என்றார்.

"ரெண்டு பேருமாதான் போறோம்" என்றாள் பாப்பா, மேட்டை விட்டு இறங்கிக்கொண்டே. "வழியில அவளைத் தனியாப் புடிச்சுப் பேசலாம்னு மட்டும் நினைக்காதீங்க."